வானலையில் ஒரு காற்பங்கு

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் தீவில், 59-ஆம் தெருவை அடுத்து, திருத்தூதர் பவுலின் பெயரால் எழுப்பப்பட்ட பெரிய கல் ஆலயம் ஒன்று உண்டு. பவுலிஸ்டுகள் என்று அழைக்கப்பெறும் பவுல் சபைக் குருக்களின் தாய் ஆலயம் அது. அமெரிக்க மக்களுக்கு அவர்தம் மொழியிலும் மனப்பாங்கிலும் கத்தோலிக்க விசுவாசத்தை எடுத்துரைக்க வேண்டும் என்ற வேட்கையுடன் அருள்தந்தை ஐசக் ஹெக்கர் 1858-இல் தோற்றுவித்த சபை அது. மேடையும் அச்சும் அச்சபையாரின் கருவிகளாக இருந்தன. வானொலி என்னும் புதுமை வந்தபோது அதையும் விடாமல் கைக்கொண்டனர். 1925 செப்டம்பரில் டபிள்யூ.எல்.டபிள்யூ.எல். என்ற அழைப்பெழுத்துகளுடன் தமக்கென ஒரு நிலையம் தொடங்கினர்.

பன்னிரண்டு ஆண்டுகளே அந்நிலையம் அவர்கள் கையில் இருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கதையை இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ‘பொதுநலன்’ என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு அதன் பொருளை எழுதாமல் விட்டுவிட்டால், நாட்டில் பணமுடை வரும் நாளில் அச்சொல்லுக்கு யார் பொருள் எழுதுவார் என்பதை இக்கதை காட்டுகிறது. குருமடத்தில் நாம் திருச்சபையின் சமூகப் போதனையைப் பயின்றபோது திருத்தந்தையரின் சுற்றுமடல்களை வரிவரியாகப் படித்தோம், தேர்வும் எழுதினோம். அச்சுற்றுமடல்கள் சூடாக இருந்த காலத்திலேயே ஒரு துறவுசபைத் தலைவர் அவற்றின் உணர்வோடு ஒரு நாட்டின் மேலவை வாயிலில் நின்று தோற்றுப் போனார் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. பின்னாளில் வேறெதையோ தேடும்போது தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது.

வானொலி அமெரிக்காவில் வணிகப் பொருளாகப் பிறக்கவில்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1920 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகள் ஒலிபரப்பானதைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்கள், கோவில்கள், தொழிற்சங்கங்கள், நாளிதழ்கள், கடைக்காரர்கள் என எல்லாரும் நிலையம் வைத்தனர். 1922-இல் நடந்த முதல் வானொலி மாநாட்டில் அன்றைய வணிகத்துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவர், இத்தனை பெரிய பொதுப்பணிக் கருவியை விளம்பரக் கூச்சலில் மூழ்கவிடுவது நினைத்துப் பார்க்கவும் இயலாத செயல் என்ற கருத்தில் பேசினார். பின்னாளில் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது நாட்டை ஆண்டவரும் இவரே.

நிலையங்கள் பெருகின, ஒன்றின் குரல்மேல் மற்றொன்றின் குரல் ஏறியது. 1926-இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, அலைவரிசையை ஒதுக்கும் அதிகாரம் வணிகத்துறைச் செயலருக்கு இல்லை என்று சொன்னதும் குழப்பம் முற்றியது. ஆகவே 1927 பிப்ரவரியில் வானொலிச் சட்டம் பிறந்தது. ஐவர் கொண்ட கூட்டாட்சி வானொலி ஆணையம் அமைந்தது. வானலை எவருக்கும் சொந்தமன்று. உரிமம் பெறுபவர் குறித்த காலத்திற்கு அதைப் பயன்படுத்தலாம். உரிமம் வழங்கும்போது ஆணையம் ‘பொதுநலன், பொதுவசதி, பொதுத்தேவை’ என்பவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். இச்சொற்றொடர் இருப்புப்பாதை முதலான பொதுப்பணி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டங்களிலிருந்து வந்தது. இருப்புப்பாதைக்கு அது பொருந்தும். இரண்டு ஊர்களுக்கிடையே வண்டி ஓடுகிறதா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். பேச்சுக்கும் பாட்டுக்கும் மறையுரைக்கும் அதை எவ்வாறு பொருத்துவது? சட்டம் சொல்லவில்லை.

சட்டம் சொல்லாததை ஆணையம் சொல்லத் தொடங்கியது. 1928-இல் அது ‘பொது ஆணை 40’ என்ற ஒன்றைப் பிறப்பித்து, நாட்டின் வானலை முழுவதையும் மறுபங்கீடு செய்தது. அமெரிக்க நிலையங்களுக்கெனக் கிடைத்த 90 அலைவரிசைகளில் 40 இடையூறற்ற அலைவரிசைகளாயின. இரவில் ஒவ்வொன்றிலும் ஒரே வலிமைமிக்க நிலையம் மட்டும் ஒலிக்கலாம். அந்த இடங்களில் பெரும்பாலானவை 1926-இல் பிறந்த என்.பி.சி., 1927-இல் பிறந்த கொலம்பியா எனப்படும் சி.பி.எஸ். ஆகிய வலையமைப்புகளைச் சார்ந்த நிலையங்களுக்குப் போயின. எஞ்சியோர் மீதியுள்ள அலைவரிசைகளில் நேரம் பிரித்துக்கொண்டு ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஆணையம் தன் அறிக்கையில் ஒரு கொள்கையையும் வகுத்தது. எல்லாருக்கும் எல்லாம் தரும் நிலையமே பொதுநல நிலையம்; ஒரு சமயத்திற்கோ, ஒரு கட்சிக்கோ, ஒரு தொழிற்சங்கத்திற்கோ உரிய நிலையம் ‘பிரசார நிலையம்’; ஒவ்வொரு கருத்தோட்டத்திற்கும் தனித்தனி ஊதுகுழல் தர வானில் இடமில்லை என்பது அதன் சாரம்.

நியாயமாகத் தோன்றும் வாதம்தான். நாமே அந்த ஆணையத்தில் இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்கக்கூடும். ஆனால் அதன் விளைவைக் காண வேண்டும். எல்லாருக்கும் எல்லாம் தருவதற்குப் பெரும்பணம் வேண்டும். பெரும்பணம் விளம்பரதாரரிடம் இருந்தது. எனவே சோப்பு விற்பவரின் நிலையம் பொதுநல நிலையமாயிற்று. பல்கலைக்கழகத்தின் நிலையமும் தொழிலாளர் நிலையமும் துறவியரின் நிலையமும் பிரசார நிலையங்களாயின.

பவுல் குருக்களுக்கு நேர்ந்தது இதுவே. 1928 நவம்பர் மறுபங்கீட்டின்படி அவர்தம் நிலையம் 1100 கிலோசைக்கிள் அலைவரிசையை நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் இருந்த ஒரு நிலையத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. பின்னர் கொலம்பியா வலையமைப்போடு சேர்ந்த நிலையம் அது. அதற்குப் பகலும் இரவும் பெரும்பகுதி கிடைத்தன. குருக்களுக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 15 மணி நேரமே எஞ்சியது. 5,000 வாட் ஆற்றலுள்ள ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்! வயல் முழுவதும் உழுது வைத்தவனுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் மடை திறந்துவிட்டது போன்ற நிலை. கூடுதல் நேரம் கேட்டு அவர்கள் ஆணையத்திடம் பலமுறை முறையிட்டும் பயனில்லை.

இந்நிலையில் பெருமந்தம் வந்தது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. 1933-க்குள் நாட்டின் உழைப்பாளர்களில் நால்வருக்கு ஒருவர், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் பேர், வேலையிழந்து நின்றனர். ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன.

பஞ்ச காலத்தில் வானொலி என்ன ஆயிற்று என்று கேட்டால், விடை வியப்பளிக்கும். அது வளர்ந்தது. 1930-இல் பத்து வீடுகளில் நான்கில்தான் வானொலிப் பெட்டி இருந்தது. 1940-இல் எட்டுக்கு மேற்பட்ட வீடுகளில் இருந்தது. வறுமைப்பட்ட குடும்பங்கள் மேசை நாற்காலியை விற்றாலும் வானொலிப் பெட்டியை விற்க மனம் கொள்ளவில்லை என்பது அக்காலத்துச் சமூகப் பணியாளர்கள் கண்டு சொன்ன செய்தி. நமக்கு இதில் வியப்பில்லை. அடுப்பெரியாத வீட்டிலும் பேச்சுக் குரல் வேண்டியிருக்கிறது. திரையரங்கிற்குக் காசு வேண்டும், நாளிதழுக்குக் காசு வேண்டும், வானொலிக்குப் பெட்டி வாங்கிய பிறகு மின்சாரச் செலவு தவிர வேறில்லை. 1933 மார்ச் 12-ஆம் நாள் இரவு, புதிதாகப் பொறுப்பேற்றிருந்த குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், நாட்டின் வங்கிகள் அனைத்தும் மூடிக்கிடந்த வேளையில், வங்கி என்றால் என்ன, உங்கள் பணத்தை அது என்ன செய்கிறது என்று எளிய சொற்களில் வானொலியில் விளக்கினார். வங்கிகள் திறந்ததும் மக்கள் பணத்தை எடுக்க ஓடாமல் திரும்பப் போட வந்தனர். பொதுநலனுக்கு வானொலி செய்யக்கூடியது என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

மக்கள் வானொலியை நாடினர். விளம்பரதாரரும் மக்கள் இருக்குமிடம் நாடினர். நாளிதழ்களின் விளம்பர வருவாய் சரிந்துகொண்டிருந்த 1929 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் வலையமைப்புகளின் வருவாய் உயர்ந்தது. வணிகமல்லாத நிலையங்களோ உதிர்ந்தன. அவை உதிர்ந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எந்த அதிகாரியும் அவற்றை மூடுமாறு ஆணையிடவில்லை.

உரிமத்தின் காலம் மிகக் குறுகியது. தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒருவரின் அலைவரிசையையோ நேரத்தையோ தனக்குத் தருமாறு வேறொருவர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்துவிட்டால், இருப்பவர் வாஷிங்டன் சென்று, வழக்கறிஞரையும் பொறியாளரையும் அமர்த்தி, தம் நிலையம் ஏன் பொதுநலனுக்கு உகந்தது என்று வாதாட வேண்டும். வணிக நிலையத்திற்கு இது ஒரு செலவுக் கணக்கு. மாநிலச் சட்டமன்றம் மானியத்தை வெட்டிவிட்ட பல்கலைக்கழகத்திற்கு இது இரண்டு பேராசிரியர்களின் ஊதியம். முதல் வழக்கில் வென்றாலும், அடுத்த விண்ணப்பம் வரும். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்வார்கள். நேரம் குறைந்ததும், இத்தனை குறைந்த நேரம் ஒலிபரப்பும் நிலையத்திற்கு அலைவரிசை எதற்கு என்ற கேள்வி எழும். கல்வி நிறுவனங்களுக்கு 1921 முதல் 1936 வரை 202 உரிமங்கள் வழங்கப்பட்டிருந்தன. 1937 தொடக்கத்தில் எஞ்சியவை 38. பொருளாதாரச் சரிவு எல்லார் தலையிலும் விழுந்தது என்று சொல்வது வழக்கம். விழுந்தது உண்மைதான், ஆனால் தலைக்கவசம் சிலரிடம் மட்டுமே இருந்தது.

நாளிதழ் முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. தம் விளம்பரப் பணத்தை எடுத்துக்கொண்ட வானொலி, தம் செய்தியையும் எடுத்துக்கொள்கிறது என்று வெகுண்டனர். 1933 டிசம்பரில், அந்தக் கொடிய பனிக்காலத்தில், நியூயார்க்கின் பில்ட்மோர் என்னும் உயர்தர விடுதியில் பதிப்பாளர்களும் செய்தி நிறுவனத்தாரும் இரண்டு வலையமைப்புகளின் பெருந்தலைகளும் கூடி ஓர் உடன்பாடு செய்தனர். அதன்படி, கொலம்பியா வலையமைப்பு தன் செய்தித் திரட்டும் பணியைக் கைவிட வேண்டும். வானொலியில் நாளொன்றுக்கு இரண்டே செய்தியறிக்கைகள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். ஒவ்வொரு செய்தியும் முப்பது சொற்களுக்குள். காலை அறிக்கை ஒன்பதரை மணிக்குப் பிறகும் இரவு அறிக்கை ஒன்பது மணிக்குப் பிறகுமே வரலாம்; அதற்குள் மக்கள் நாளிதழ் வாங்கிவிட்டிருப்பார்கள் அல்லவா! நாளிதழ் வாங்கக் காசில்லாத இலட்சக்கணக்கான மக்கள் வானொலிப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டில், அவர்கள் எதை எப்போது அறியலாம் என்பது ஒரு விடுதி அறையில் முடிவாயிற்று. மக்களின் பிரதிநிதி என்று அங்கே அமர்ந்தவர் எவருமில்லை. இவ்வுடன்பாடு நீடிக்கவில்லை, வலையமைப்பில் சேராத நிலையங்கள் அதை ஏற்கவில்லை, புதிய செய்தி நிறுவனங்கள் தோன்றின, ஓரிரு ஆண்டுகளில் அது குலைந்தது. குலைத்ததும் வணிகப் போட்டியே அன்றிச் சட்டமன்று.

இத்தகைய சூழலில்தான் பவுல் சபையின் தலைவர் அருள்தந்தை ஜான் ஹார்னி 1934-இல் களமிறங்கினார். அவ்வாண்டு ரூஸ்வெல்ட் அரசு தந்தி, தொலைபேசி, வானொலி மூன்றையும் ஒரே ஆணையத்தின்கீழ்க் கொணரும் புதிய சட்டத்தை முன்வைத்தது. 1927-ஆம் ஆண்டு வானொலிச் சட்டத்தின் பகுதிகளைப் பெரும்பாலும் அப்படியே அதில் சேர்த்துக்கொள்வது திட்டம். பெரிய விவாதமின்றி அது நிறைவேறிவிடும் என வணிக ஒலிபரப்பாளர்கள் எண்ணியிருந்தனர். மார்ச் மாதம் மேலவைக் குழுவின் முன் தோன்றிய ஹார்னி, அதில் ஒரு திருத்தம் வேண்டும் என்றார். இப்போதுள்ள உரிமங்கள் அனைத்தும் தொண்ணூறு நாள்களில் முடிவுக்கு வர வேண்டும். மறுபங்கீட்டில் நான்கில் ஒரு பங்கு கல்வி, சமயம், வேளாண்மை, தொழிலாளர், கூட்டுறவு முதலான, ஆதாயம் கருதாத அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

அவர் தம் சபைக்கு மட்டும் கேட்கவில்லை என்பது நோக்கத்தக்கது. தொழிலாளர்க்கும் உழவர்க்கும் கூட்டுறவாளர்க்கும் பிற சபையினர்க்கும் சேர்த்தே கேட்டார். கல்வியாளர்கள் 1931-இல் 15 விழுக்காடு கேட்டு முயன்று தளர்ந்திருந்தனர். சிகாகோ நகரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தன் சொந்த நிலையத்திற்காகப் பல ஆண்டுகள் போராடியிருந்தது. அதன் தலைவர்கள் இப்போது ஹார்னியின் பக்கம் நின்றனர். கத்தோலிக்கப் பங்குகளிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் மனுக்கள் ஆயிரமாயிரமாக வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. குழு மறுத்தபோதிலும், நியூயார்க்கின் ராபர்ட் வாக்னர், மேற்கு வர்ஜீனியாவின் ஹென்றி ஹாட்ஃபீல்ட் என்னும் இரு மேலவை உறுப்பினர்கள் அத்திருத்தத்தை அவையில் எழுப்பினர். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. அடுத்த ஆண்டு தொழிலாளர் உரிமைச் சட்டத்திற்குத் தம் பெயரைத் தந்த அதே வாக்னர்தான். அன்று அவர் கத்தோலிக்கர் அல்லர். 1946-இல்தான் திருச்சபையில் சேர்ந்தார்.

1934 மே 15. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ வெளியிட்டதும் ஒரு மே 15. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் நாற்பது ஆண்டுகளுக்குப்பின் ‘குவாத்ரஜேசிமோ ஆன்னோ’ வெளியிட்டதும் ஒரு மே 15. செல்வம் மட்டுமன்றி அதிகாரமும் ஒரு சிலர் கையில் குவிவதைப் பின்னவர் கடிந்து எழுதி மூன்றாண்டுகள் நிறைவுற்ற அந்நாளில் அமெரிக்க மேலவை வாக்களித்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 42.

ஏன் தோற்றது? ஒலிபரப்பாளர் சங்கத்தின் வலிமை ஒரு காரணம். மக்களோடு பேச வானொலி தேவைப்பட்ட வெள்ளை மாளிகை, வலையமைப்புகளைப் பகைத்துக்கொண்டு இத்திருத்தத்திற்குத் துணை நிற்கவில்லை என்பது மற்றொன்று. ஆனால் திருத்தத்திற்குள்ளேயே ஒரு விரிசல் இருந்தது. ஆதாயம் கருதாத நிலையங்கள் தம் செலவை ஈடுகட்டும் அளவிற்கு ஒலிபரப்பு நேரத்தை விற்றுக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. 1927 சட்டத்தை இயற்றியவர்களுள் ஒருவரான கிளாரன்ஸ் டில் அதைப் பற்றிக்கொண்டார். விளம்பரத்திற்கு எதிராகப் பேசுகிறீர்கள், நீங்களும் விளம்பரம்தானே விற்கப்போகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் முனை. அதற்கு நல்ல விடை இல்லை. காணிக்கை வற்றி, மானியம் வற்றி, நன்கொடையாளரே கஞ்சித்தொட்டியைத் தேடிய ஆண்டில் ஹார்னி வேறு எங்கே போவார்? கொள்கை பேச வந்தவரைப் பசி காட்டிக்கொடுத்துவிட்டது. அக்குறை ஹார்னியின் நேர்மையில் இருந்ததாக நாம் எண்ணவில்லை. அவருடைய கணக்கில் இருந்தது. ஒதுக்கீட்டைக் கேட்டவர், அதை நடத்தும் நிதிக்கும் சட்டத்திலேயே வழி கேட்டிருக்க வேண்டும்.

அண்டை நாடான கனடாவைப் பாருங்கள். அங்கும் அதே பெருமந்தம். மேற்குச் சமவெளியில் வறட்சி வேறு. ஆயினும் 1932-இல், பழமைவாதக் கட்சிப் பிரதமர் பென்னட் காலத்திலேயே, பொது ஒலிபரப்பு ஆணையம் அமைத்தார்கள். அதற்குக் கேட்போரின் உரிமக் கட்டணத்திலிருந்து பணம் வந்தது. 1936-இல் அது கனடா ஒலிபரப்புக் கழகமாயிற்று. நாட்டில் பணமில்லை என்பது மட்டும் காரணமாக இருந்திருந்தால் அங்கேயும் அது நடந்திருக்காது.

திருத்தம் தோற்ற பிறகு ஓர் ஆறுதல் பரிசு தரப்பட்டது. ஒதுக்கீடு தேவையா என்று புதிய ஆணையம் ஆராய்ந்து 1935 பிப்ரவரிக்குள் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. ஜூனில் சட்டம் நிறைவேறியது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் பிறந்தது. அதன் முதல் தலைவர் யூஜின் சைக்ஸ், பழைய ஆணையத்தில் தொடக்கமுதல் இருந்தவரே. அக்டோபரில் விசாரணை தொடங்கியது. வலையமைப்புகள் சாட்சிகளை வரிசையாகக் கொண்டுவந்தன. பல்கலைக்கழகத்தார் சிலரும் சமய அமைப்பினர் பலரும் வந்து, எங்களுக்கு இலவச நேரம் தாராளமாகக் கிடைக்கிறது, எங்களுக்கு ஒரு குறையுமில்லை என்றனர். 1935 சனவரியில், புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை என்று ஆணையம் அறிக்கை தந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கிறோம்; ஏனெனில் இது நம் வீட்டுக் கதையும் ஆகும். 1930 மார்ச் முதல் என்.பி.சி. வலையமைப்பு ‘கத்தோலிக்க மணி நேரம்’ என்ற ஞாயிறு நிகழ்ச்சிக்கு இலவசமாக இடம் தந்துவந்தது. கத்தோலிக்க ஆண்களின் தேசிய அமைப்பு அதைப் பொறுப்பேற்று நடத்தியது. பின்னாளில் ஆயரான ஃபுல்டன் ஷீன் அதில் பேசிப் புகழ் பெற்றார். நல்ல நிகழ்ச்சி, நாடு முழுவதும் கேட்டது, ஒரு காசு செலவில்லை. இதைப் பெற்றிருந்தவர்களுக்கு, மன்ஹாட்டனில் வாரத்திற்குப் 15 மணி நேரத்தோடு போராடிய குருக்களின் குறை எவ்வளவு தொலைவில் கேட்டிருக்கும்? இலவசமாகத் தரப்பட்டது தந்தவர் விருப்பமிருக்கும் வரை இருக்கும். உரிமையாகப் பெற்றது வேறு. விருந்தினராக உள்ளே அமர்ந்திருந்தவர்களைக் குறைசொல்லும் தகுதி நமக்கு உண்டா என்று தெரியவில்லை. நாமும் பல இடங்களில் விருந்தினராகவே அமர்ந்திருக்கிறோம்.

ஹார்னிக்காக வருந்துபவர்கள் மற்றொரு குருவின் கதையையும் கேட்டாக வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக் ஊரில் சிறுமலர் ஆலயப் பங்குத்தந்தையாக இருந்தவர் சார்லஸ் காக்லின். 1926-இல் டெட்ராய்ட் நிலையமொன்றில் சிறுவர்க்கு மறைக்கல்வி சொல்லத் தொடங்கினார். பெருமந்தம் வந்ததும் வங்கிகளையும் முதலாளிகளையும் சாடினார். திருத்தந்தையரின் சுற்றுமடல்களை மேற்கோள் காட்டினார். வேலையிழந்தோர் அவர் குரலில் தம் குரலைக் கேட்டனர். 1930-இல் கொலம்பியா வலையமைப்பில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு அது அவரை விலக்கியது. அவர் தளரவில்லை. கேட்போர் உறையிலிட்டு அனுப்பிய ஒற்றை டாலர்த் தாள்களைக்கொண்டு நிலையம் நிலையமாக நேரத்தை விலைக்கு வாங்கித் தமக்கென ஒரு தொடரையே அமைத்தார். அவருடைய குரலைக் கேட்டோர் 3 கோடி வரை இருக்கலாம் என்று அன்று மதிப்பிட்டனர்.

பிறகு நிகழ்ந்ததை யாவரும் வெட்கத்தோடுதான் சொல்ல முடியும். ரூஸ்வெல்ட்டை முதலில் போற்றியவர் பின்னர்த் தூற்றினார். 1936-இல் சமூகப் போதனையில் வல்லவரான பேரருட்திரு ஜான் ரயன் அதே வானொலியில் அவரை மறுத்துப் பேச நேர்ந்தது. 1938-இல் காக்லினின் இதழ், யூதர்களுக்கு எதிராகப் புனையப்பட்ட போலி ஆவணத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்ட சில நாள்களில், அக்கொடுமைக்குச் சமாதானம் கற்பிப்பதுபோல் அவர் வானொலியில் பேசினார். நியூயார்க் நிலையமொன்று அவருக்கு இடம் தர மறுத்தது. சிகாகோவின் கர்தினால் முண்டலைன், இவர் திருச்சபையின் சார்பில் பேசுபவர் அல்லர் என அறிவித்தார். 1939-இல் ஒலிபரப்பாளர் சங்கமே சர்ச்சைப் பேச்சுக்கு நேரம் விற்பதில்லை என விதி செய்தது. 1940-இல் அவர் குரல் வானொலியில் ஓய்ந்தது. 1942-இல் பேராயர் மூனியின் ஆணையால் அரசியலையும் விட்டுத் தம் பங்கிற்குத் திரும்பினார்.

ஆணையத்தின் கொள்கையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பிரசார நிலையங்களுக்கு வானில் இடமில்லை என்று சொல்லிப் பவுல் குருக்களின் நேரத்தைச் சுருக்கினார்கள். நாட்டின் மிகப்பெரிய பிரசாரகருக்கோ ஒரு நிலையமும் தேவைப்படவில்லை; பொதுநல நிலையங்கள் என்று பெயர் பெற்றவையே அவருக்கு மணிக்கணக்கில் நேரத்தை விற்றன. பணம் கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள். மறுபக்கமும் உண்டு. சமய அமைப்பின் கையில் நிலையம் இருந்துவிட்டால் பொதுநலன் வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெதடிஸ்ட் போதகர் ராபர்ட் ஷுலர் நடத்திய நிலையம், நகர அதிகாரிகளின் ஊழலைத் துணிந்து வெளிப்படுத்தியது. அதே வாயால் யூதரையும் கத்தோலிக்கரையும் இழித்தும் பேசியது. 1931-இல் ஆணையம் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்நாளில் நம்மவர் மகிழ்ந்திருக்கக்கூடும். ஹார்னியின் திருத்தம் வென்றிருந்தால் காற்பங்கில் ஹார்னிகளும் வந்திருப்பார்கள், ஷுலர்களும் வந்திருப்பார்கள். ஆயினும் காற்பங்கு இருந்திருக்கும். அதில் தொழிலாளியும் உழவரும் பேராசிரியரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியிருப்பார்கள். காக்லின் பேசியபோது அவரை மறுப்பதற்குச் சம அளவு நேரம் வாங்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது?

கேட்டது முழுவதும் வீணாகவில்லை. 1945-இல் பண்பலை ஒலிபரப்பிற்கு அலைவரிசைகள் பங்கிட்டபோது, நூறில் இருபதை ஆணையம் வணிகமல்லாத கல்வி நிலையங்களுக்கென ஒதுக்கியது. இன்றும் அமெரிக்காவில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அவ்வாறே இருக்கிறது; கத்தோலிக்க நிலையங்களும் அங்கே ஒலிக்கின்றன. 1952-இல் தொலைக்காட்சியிலும் 242 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1934-இல் முடியவே முடியாது என்றது பதினோராண்டில் முடிந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1945-இல் பண்பலையைக் கேட்கும் பெட்டி ஒரு சிலர் வீட்டில்தான் இருந்தது, மக்கள் குழுமியிருந்த பழைய அலைவரிசையில் எதுவும் மாறவில்லை.

பவுல் குருக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. கூடுதல் நேரம் கிடைக்கவில்லை, கடன் இருந்தது, 1937-இல் நிலையத்தை விற்றுவிட்டனர். வாங்கியவர் ஆர்டி புலோவா. கைக்கடிகாரம் செய்து விற்பவர். வானொலி நிலையங்களில் மணி சொல்லும் விளம்பரத்தால் நாடெங்கும் பெயர் பெற்ற நிறுவனத்தின் தலைவர். நிலையத்தின் அழைப்பெழுத்துகளை மாற்றினார்.